சோப்புக்கட்டி எழுத்து

நவம்பர் 30, வியாழன்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மழை என்று கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். புள்ளியியல் விடைத்தாள்களில் பாதியைத் திருத்தினேன். பாதிப் பெண்கள் சராசரியை எடுத்துவிட்டு, அத்துடன் வேலை முடிந்தது என்று கோடு கிழித்துவிடுகிறார்கள்.

மதியம் ஜெனிட்டா போன் செய்தாள். விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கும் தம்பி ததேயுஸின் மனைவி. அவள் எனக்குச் சாதாரணமாகப் போன் செய்வதில்லை. என்னோடு என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"மைனி, புயல் கடலுக்குள்ள திரும்பிட்டுதாம். இவிய போட்டு எங்க கெடக்குன்னு ஒரு தகவலும் இல்ல. ஒயர்லெஸ்ஸுல கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் தொண்ட போச்சு."

"ஆழ்கடலுக்குப் போனா ஒயர்லெஸ் எட்டாதுல்லா. பதறாத."

"பதறல்ல மைனி. சும்மா சொன்னேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நாகர்கோவிலிலிருந்து ஊருக்கு பஸ் ஓடுகிறதா என்று தெரியவில்லை. இரண்டு சேலை, குடை, மீதி விடைத்தாள்கள் எடுத்துவைத்தேன்.

டிசம்பர் 1, வெள்ளி

ஊருக்கு வந்துவிட்டேன். கோயில் முற்றம் நிறையப் பெண்கள். கரையோரம் மீன்பிடிக்கும் வள்ளங்கள் திரும்பிவிட்டன. வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுகளைப் பற்றித்தான் தகவல் இல்லை. அவற்றில் மூன்றுக்கு 'சகாய மாதா' என்று பெயர். ஒன்று ததேயுஸுடையது. இன்னொன்று அடுத்த வீட்டு ரொசாரியின் கணவர் லாரன்ஸுடையது. மூன்றாவது மிக்கேல் அண்ணனுடையது. எங்கள் கோயில் சகாய மாதா கோயில். படகுக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஊருக்குள் இதில் குழப்பமும் கிடையாது. ததேயுஸ் மாதா, லாரன்ஸ் மாதா, மிக்கேல் மாதா என்று சொன்னால் போதும்.

ரொசாரி முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டா டீச்சர். இனி கணக்குப் போட்டே எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்துருவா."

அவள் நக்கல் எனக்குப் பழக்கம். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்ததுதான் புதிது.

டிசம்பர் 2, சனி

கோழிக்கூட்டுக்குக் கதவாக ஒரு தகரத்தை வைத்திருக்கிறாள் ஜெனிட்டா. தீனி போடக் குனிந்தபோதுதான் கவனித்தேன். நான் வரைந்த 'ய'. வெட்டிய எழுத்தின் வழியே ஒரு சேவல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற தகடுகள் சாக்கில் கட்டி, கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

இரண்டு வருடத்துக்கு முன் ததேயுஸ் நாகர்கோவில் வீட்டுக்கு வந்து கேட்டான். அதற்கு முந்தின பருவத்தில் எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்தபோது ஒரு விமானம் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. அது இவர்களை யாரென்று கண்டுகொள்ளவில்லை.

"எக்கா, கேபின் கூரையில பேரு எழுதணும். வானத்துல இருந்து படிக்க முடியணும். பிளெக்ஸ் கடைக்காரன் கல்யாண பேனர் எழுத்து எடுத்துத் தந்தான். ஒரே வளைவும் நெளிவும். தகரத்துல வெட்டவே முடியல்ல."

"என்னை எதுக்குக் கேக்க? நான் ஓவியரா?"

"நீ கட்டம் போட்ட தாளும் கையுமாத்தான எப்பவும் இருக்க?"

கிராப் தாளில் வரைந்தேன். ஏழு கட்டம் உயரம், ஏழு கட்டம் அகலம். வளைவே கிடையாது. வளைய வேண்டிய இடத்தில் மூலை திரும்பும். முதலில் கோட்டுக்கு மூன்று கட்டத் தடிமன் கொடுத்தேன். தடித்தால் தெரியும் என்று நினைத்தேன். பெரிய தாளில் தீட்டி, ஊரில் கோயில் முற்றத்தில் விரித்துவிட்டு, கோயில் மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தபோது 'க'வும் 'த'வும் ஒரே மாதிரி இரண்டு பாறைகளாகக் கிடந்தன. தூரத்திலிருந்து கண் பிடித்துக்கொள்வது கோட்டை அல்ல, கோட்டுக்குள் விட்டிருக்கும் வெளியை. தடிமனை இரண்டு கட்டமாகக் குறைத்தேன். எழுத்தின் கண்ணுக்குள் ஒரு கட்டமாவது காற்று இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். திரும்ப ஏறிப் பார்த்தேன். பாறைகள் பேசின.

ச, க, ய, ம, த என்று ஐந்து தகடுகள். 'கா', 'மா', 'தா' மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கால். அதையே நகர்த்தி நகர்த்தி வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள். இடைவெளிக்கு நான் சாக்பீஸால் குறித்துக் கொடுத்தேன்.

"இது எழுத்தா டீச்சர்? சோப்புக்கட்டி அடுக்குனது போல இருக்கு" என்றாள் ரொசாரி. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்த மாதம் அவள் வீட்டுக்காரரே தகடுகளைக் கேட்டு வாங்கிப் போனார். பிறகு மிக்கேல் அண்ணன். மாதா பெயர் எழுத வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு ஐஸ் பெட்டிகளிலும், ஒரு ஆட்டோவின் முதுகிலும் அந்த எழுத்தைப் பார்த்தேன். பையன்கள் இருக்கிற தகடுகளை வைத்து ஐஸ் கம்பெனிச் சுவரில் 'தாதா' என்று அடித்துவைத்தார்கள். நான் வரைந்தது என்று வெளியே சொல்ல வேண்டாம் என ததேயுஸிடம் கேட்டுக்கொண்டேன்.

லாரன்ஸின் படகில்தான் அதைக் கெடுத்தார்கள். கூரையில் ஏரியல் கம்பம் இருக்கிறது என்று 'மா'வுக்கும் 'தா'வுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டுவிட்டார்கள். துறைமுகத்தில் அந்தப் படகைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

டிசம்பர் 3, ஞாயிறு

கஞ்சி வைத்தேன். ஜெனிட்டா குடிக்கவில்லை. பத்து விடைத்தாள் திருத்தினேன். என்ன மதிப்பெண் போட்டேன் என்று நினைவில்லை, திரும்பப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 4, திங்கள்

ஒரு படம் வந்திருக்கிறது. தேடப் போன விமானத்திலிருந்து எடுத்தது. பங்குத்தந்தை தன் போனில் கொண்டுவந்து முற்றத்தில் காட்டினார். சாம்பல் நிறக் கடல். நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கூரை. பெரிதாக்கினால் எல்லாம் கலங்கிவிடுகிறது. ஆட்களா வலையா என்று தெரியவில்லை. பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் படத்தில் விழவே இல்லை. எழுத்து மட்டும் கலங்கவில்லை. சகாய மாதா.

மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் கூச்சல். மிக்கேல் அண்ணனின் மனைவி ஃபிலோமி மணலிலேயே முழங்காலிட்டாள். ரொசாரி என்னைக் கட்டிப்பிடித்து, "எனக்க சோப்புக்கட்டி மாதாவே!" என்று அழுதாள். என்னை இப்படி யாரும் கட்டிப்பிடித்துப் பல வருடமாகிறது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"மைனி, நம்ம போட்டுதானே?" என்றாள் ஜெனிட்டா.

"எழுத்து நம்மளதுதான்."

பொய் இல்லை.

ஜெனிட்டா இன்று சாப்பிட்டாள். இரண்டு இட்லி, பிறகு கேட்டு வாங்கி இன்னொன்று. படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இதற்கு மேல் இன்று எழுதவில்லை.

டிசம்பர் 5, செவ்வாய்

படத்தில் இருப்பது லாரன்ஸின் படகு. 'மா'வுக்கும் 'தா'வுக்கும் நடுவே அந்த முழம் தெரிகிறது. நேற்று முற்றத்திலேயே பார்த்துவிட்டேன்.

சொல்லாமல் இருந்தேன். இன்னும் இரண்டு நாள் அப்படியே இருந்திருப்பேன், ஜெனிட்டா இன்னும் நாலு வேளை சாப்பிடட்டும் என்று. ஆனால் காலையில் ரொசாரி, காணாமல் போன படகுகளைத் தேடும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மறுமுனையில் ஒருவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"சகாய மாதா கிடைச்சாச்சும்மா. கப்பல் போயிட்டிருக்கு. பத்திரமா கூட்டிட்டு வருவாங்க. அந்தப் பக்கம் தேடுறத நிறுத்தியாச்சு, விமானம் வடக்கால மத்த போட்டுகளைத் தேடப் போவுது."

மூன்று வீட்டிலிருந்தும் மூன்று முறை 'சகாய மாதா' என்று பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே படகுக்கு மூன்று தடவை புகார் வந்ததாக அங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அது கிடைத்துவிட்டது. அதாவது, என் தம்பியை இனி யாரும் தேடப் போவதில்லை.

ஜெனிட்டா அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் மிச்சமிருந்ததைப் பார்த்தபடி இருந்தாள்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"நான் தின்னணும்னுதானே சொல்லல்ல?"

தலையாட்டினேன். அவள் கையைக் கழுவினாள்.

"செரி. தின்னாச்சுல்லா. எழும்புங்க மைனி, போவோம்."

 கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தேன். ஜெனிட்டா கோழிக்கூட்டிலிருந்து 'ய'வைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாலையில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. நாளை காலை ஆட்டோ வரும்.

டிசம்பர் 6, புதன்

ஜெனிட்டா, நான், எங்களோடு ரொசாரி. ஆட்டோவில் தகடுச் சாக்கு எங்கள் காலடியில் கடகடத்தது. ரொசாரியை வரச் சொல்லவில்லை. படத்தில் இருப்பது அவள் வீட்டுக்காரரின் படகு என்று நான் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜெனிட்டாவைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கட்டுப்பாட்டு அறை ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. வாசலில் வேறு ஊர்ப் பெண்கள் நிறைய. மேசையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே பேர்ல மூணு போட்டா மேடம்? யாராவது அப்படி வைப்பாங்களா?"

"சார், உங்க ஆபீஸ்ல எத்தன குமாரு இருக்காவ? கூப்பிட்டுப் பாருங்க" என்றாள் ரொசாரி. பின்னால் இரண்டு பேர் தலையை நிமிர்த்தினார்கள்.

"சரிம்மா. எழுத்தும் ஒரே மாதிரியா இருக்கும்?"

"ஒரே தகடு சார்" என்றேன். "நான்தான் வரைந்தேன்." முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் சொல்கிறேன். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பொறுப்பு அதிகாரி வந்தார். தேன்மொழி என்று பெயர்ப்பட்டை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போனில் படத்தைக் காட்டி இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. அவர் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"நீங்க மாடிக்குப் போய் வராந்தாவிலிருந்து கீழே பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். "ஐந்து நிமிஷம்."

ஏன் போனார் என்று தெரியவில்லை. போனார்.

வாசல் தளத்தில் சிவப்புத் தரை. சாக்கை அவிழ்த்தோம். அங்கே காத்திருந்த பெண்கள் கேட்காமலேயே விலகி இடம் விட்டார்கள். ச, க, ய, ம, த. கால் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டுக்கும் மேசையிலிருந்து நீள அட்டைகளை எடுத்துவைத்தாள் ஜெனிட்டா. தகரத்தில் வெட்டிய வழியே தரையின் சிவப்பு எழுத்தாகத் தெரிந்தது. முதலில் ததேயுஸின் படகில் இருப்பதுபோல் ஒட்டி வைத்தேன்.

"இது என் தம்பி படகு" என்று அண்ணாந்து கத்தினேன். வகுப்பைத் தவிர வேறெங்கும் நான் கத்தியதில்லை.

பிறகு 'தா'வை ஒரு முழம் தள்ளினேன். "இது இவங்க வீட்டுக்காரர் படகு. நடுவில் கம்பம் இருக்கு."

ரொசாரி சேலையை இடுக்கிக்கொண்டு 'மா'வுக்கும் 'தா'வுக்கும் நடுவே போய் நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நெட்டையாக நின்றாள்.

"நான்தான் கம்பம், அம்மா!" என்றாள் மேலே பார்த்து. "நல்லா பாத்துக்கிடுங்க! எனக்க ஆளு கெடச்சாச்சு. இவளுக்க ஆளு இன்னும் கெடைக்கல்ல!"

வாசலில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். மேலே தேன்மொழி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். அப்படியே நின்று யாருக்கோ போன் செய்தார். காற்றில் எங்களுக்குப் பாதிதான் கேட்டது. "ஒண்ணு இல்ல சார், மூணு... ஆமா சார், என் கண்ணால பார்த்தேன்... இரண்டு இன்னும் கடல்ல இருக்கு."

ஆட்டோவிலேயே ஊருக்குத் திரும்பினோம். இறங்கும்போது ரொசாரியிடம் நன்றி சொன்னேன்.

"போவும் டீச்சர். காலு வலிக்கு" என்றாள்.

டிசம்பர் 8, வெள்ளி

லாரன்ஸின் படகைக் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ரொசாரி கணவருக்குச் சோறு போட்டுவிட்டு, எங்கள் வீட்டில் வந்து ஜெனிட்டாவோடு உட்கார்ந்துகொண்டாள். அவரும் வந்து வாசலில் உட்கார்ந்தார்.  கோழிக்கூட்டின் கீல் கழன்றிருந்ததைச் சரிசெய்தார்.

டிசம்பர் 10, ஞாயிறு

மிக்கேல் அண்ணனின் படகு தானாகவே ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறது. ஃபிலோமி தெருவில் ஓடிக்கொண்டே சொன்னாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் கணக்குப் போடாமல் இருக்க முயல்கிறேன். தண்ணீர் எவ்வளவு கொண்டுபோனார்கள், அரிசி எவ்வளவு என்று ஜெனிட்டாவிடம் கேட்க வாயெடுத்து, துணியை உலர்த்தப் போய்விட்டேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

துவைக்கும் கல்லில் இருந்தேன். போன் ஈரக்கையில் வழுக்கியது. தேன்மொழி.

"மேடம், விமானம் ஒரு படகைப் பார்த்திருக்கு. ரொம்ப மேற்கே. கூரையில பாதிதான் இருக்கு. 'மாதா'ன்னு மட்டும் படிக்க முடியுது. எழுத்து கட்டம் கட்டமா இருக்காம்."

"'மா'வுக்கும் 'தா'வுக்கும் நடுவில்?"

"இடைவெளி இல்லை. ஒட்டி இருக்கு."

 ஒரு பாதிப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்லியிருப்பேன்.

"ஆட்கள்?" என்று கேட்டேன்.

"கையசைக்கிறாங்க மேடம். பக்கத்துல ஒரு சரக்குக் கப்பலைத் திருப்பி விட்டிருக்கோம்."

நான் வீட்டுக்குள் போனபோது ஜெனிட்டா என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் தொடங்கினாள்.

டிசம்பர் 15, வெள்ளி

வந்துவிட்டான். கப்பல்காரர்கள் கொடுத்த, இரண்டு பேர் நுழையக்கூடிய ஆரஞ்சு நிறச் சட்டையில். உதடு வெடித்து, முகம் தோலுரிந்து கிடக்கிறது. கூடப் போனவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். படகைக் கடலில் விட்டுவிட்டு வரவேண்டியதாகிவிட்டது. அதைப் பற்றி இன்று யாரும் பேசவில்லை.

ஜெனிட்டா அவன் அருகே போகாமல் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து, அவன் கையில் கொடுக்காமல் தானே வாயில் ஊற்றினாள்.

"எக்கா, ஒண்ணு சொல்லுகேன், கோவப்படாத" என்றான் என்னிடம்.

"சொல்லு."

"உனக்க எழுத்த எரிச்சுப்புட்டோம்."

எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டிருக்கிறது. புகை போட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று கூரைப் பலகைகளைப் பெயர்த்து, டீசல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள். விமானம் முதலில் பார்த்தது அந்தக் கரும்புகையைத்தானாம். கிட்டே வந்த பிறகுதான் எழுத்தைப் படித்தது.

"ச, கா, ய, மூணும் போச்சு. அதுக்கு மேல பெயர்க்க ஒருத்தனுக்கும் கை வரல்ல. மாதாவையா எரிக்கது? கெடந்து சண்ட போட்டோம். செரி, அவ இருக்கட்டும், வேற என்ன உண்டோ எரிப்போம்னுட்டு நாங்க படுக்குற கட்டில எரிச்சோம்."

"முட்டாப்பயலே" என்றேன். "புகைதான் முக்கியம்னா முழுசையும் எரிச்சிருக்கணும்."

"அப்ப யாருன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பான்?"

 அவன் வென்றுவிட்டதுபோலச் சிரித்தான். வெடித்த உதட்டில் ரத்தம் வந்தது. என் முந்தானையால் துடைத்துவிட்டேன். சின்ன வயதில் அவன் விழுந்து எழுந்து வரும்போது செய்தது. அவன் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

நன்றித் திருப்பலிக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாருக்கு நன்றி என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. ஆனால் நன்றி இருக்கிறது, அதைச் சந்தேகிக்க முடியவில்லை. ஒரு பெரிய பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருக்கிறது.

டிசம்பர் 18, திங்கள்

நாகர்கோவில் போகிற வழியில் கட்டுப்பாட்டு அறையில் இறங்கினேன். தேன்மொழிக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாக எண்ணம். விடைத்தாள்களை நாளை ஒப்படைக்க வேண்டும்.

அவர் உள்ளே கூட்டத்தில் இருந்தார். வாசலில் அன்று இடம் விட்டு விலகிய பெண்களில் பலர் இன்னும் அங்கேயே இருந்தார்கள். பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர். ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள். முப்பது வயது இருக்கும். மஞ்சள் சேலை, கசங்கியிருந்தது.

"தகரம் கொண்டுவந்த டீச்சர்தானே? உங்க தம்பி வந்தாச்சாம்?"

"வந்துட்டான்."

"நல்லது" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அதைக் கேட்டபோது என்னால் எழுந்து போக முடியவில்லை.

மேசையிலிருந்தவரிடம் கேட்டேன். விமானத்திலிருந்து எடுத்த படங்கள் ஒரு கட்டே இருக்கிறதாம். பல கூரைகளில் எழுத்து அழிந்து, பாதியும் காலுமாகத் தெரிகிறது. எது யாருடையது என்று பொருத்திப் பார்க்க ஆள் இல்லை. "நீங்க கொஞ்சம் பார்க்கிறீங்களா மேடம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கல்லூரிக்குப் போன் செய்து இன்னும் சில நாள் விடுப்பு சொன்னேன். பையிலிருந்து கிராப் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் அருகே வந்து உட்கார்ந்தேன்.

"உங்க போட்டு கூரையில என்ன எழுதியிருக்கும்மா?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர்."

"பரவாயில்ல. கூரையில எழுத்து எப்படி இருக்கும்? அத மட்டும் சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆள்காட்டி விரலை நீட்டி, என் தாளின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்து, அதை மூலையில் திருப்பினாள்.